சேற்றில் கிடைத்த பூட்டு

குனிந்து எடுக்கிற பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று தெரியாது. வழியில் ஒரு பித்தளைத் துண்டு மினுங்கினால், பள்ளிவாசலில் தொழுகை தொடங்க இகாமத் சொல்லிக்கொண்டிருந்தாலும் ஒருதரம் குனிந்துவிட்டுத்தான் ஓடுவேன். யாரோ வேண்டாமென்று எறிந்த பொருளில் இன்னும் ஒரு பயன் மிச்சமிருப்பதை நான்தான் கண்டேன் என்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதைக் கடையில் வாங்கிய சாமான் தராது. எழுபத்தெட்டாம் வருடச் சூறாவளிக்குப் பிறகு ஊரே தொலைத்ததைத் தேடி அலைந்தது. நான் மட்டும் ஒருவரும் தேடாததைப் பொறுக்கினேன்: பிடியில்லாத கேத்தல், முள்ளில்லாத மணிக்கூடு, றேடியோத் திருகு, குடைக்கம்பி. "இது ஆர்ர சாமான்?" என்று கேட்காதவர் இல்லை. உரியவர் வந்தால் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒருவரும் வரவில்லை. ஆனாலும் என்னைக் கோணலாகப் பார்த்தவர்கள் கோணலாகவே பார்த்தார்கள்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருக்கவேண்டும். வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை கொண்டுபோவது இரண்டு சாரனும் சவரச் சாமானும். நான் அவற்றோடு ஒரு தகரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனேன். மாமிக்கு அன்றைக்கே சந்தேகம் பிடித்துவிட்டது.

அந்த வீட்டில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லை, அது மரியாதை. மாமி கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார், எனக்குக் கேட்கவேண்டிய சத்தத்தில்.

"புள்ள, அந்தப் பொட்டிக்குள்ள என்ன இரிக்கி எண்டு கேளு. கண்ட கண்ட ஆக்கள்ர சாமானெல்லாம் ஊட்டுக்க வந்தா பரக்கத்து இரிக்குமா?"

நானும் மனைவிக்குச் சொல்வதுபோலச் சீலைக்குச் சொல்வேன்: "ஆணியும் கம்பியும்தான் எண்டு சொல்லு."

மாமி நம்பவில்லை. நான் வேலைக்குப் போய் வருவதற்குள் பெட்டியின் மூடி சற்று விலகியிருக்கும். மனைவியிடம் கேட்டால் "பூனையாக்கும்" என்பாள். தகரப் பெட்டியைத் திறக்கிற பூனையை நான் இன்றுவரை கண்டதில்லை.

கலியாணமாகி இரண்டாம் வருடம் மாமா மௌத்தானார். அப்போது நான் வரிப்பத்தான்சேனைப் பக்கம் வயல்களில் உழவு மெசின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊர் இளந்தாரிகளெல்லாம் சவூதிக்குப் பறந்துகொண்டிருந்த காலம். எனக்கும் சாரதி வேலைக்கு விசா வருவதாக இருந்தது. மாமி வெள்ளைச் சீலையோடு, விதவைக்குரிய இத்தாவில் வீட்டோடு இருந்த நாலு மாதமும் பத்து நாளும் நான் தபால்காரனைப் பார்த்தபடியே இருந்தேன். இன்றைக்கு என்றார்கள், நாளைக்கு என்றார்கள். கடைசியில் அந்த வேலையே இல்லை என்றார்கள்.

அடுத்த கோடையில் வீட்டுக் கிணற்றை இறைத்தோம். எனக்கு வருடத்தில் மூன்று பெருநாள் என்று மனைவி பகிடி பண்ணுவாள்: நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், கிணறு இறைக்கிற நாள். தண்ணீர் வற்றியதும் நான்தான் இறங்குவேன். சேற்றுக்குள் கையை விட்டால் என்னவெல்லாம் வரும்! அன்றைக்கு இரண்டு கரண்டி, ஒரு சவர்க்காரப் பெட்டி, ஒரு வாளிப் பிடி. பிறகு உள்ளங்கை நிறைய ஒரு பித்தளைப் பூட்டு. பூட்டியபடியே இருந்தது. அதன்மேல் நூல் சுற்றி, நூல் நெடுக முடிச்சுப் போட்டிருந்தது.

என் சந்தோஷம் அரை நிமிடந்தான் நின்றது.

ஒருவனின் பெயரைச் சொல்லி ஓதிப் பூட்டிய பூட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டால் அவன் ஊரைவிட்டு அசையமாட்டான் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. ஹறாம் என்று லெப்பைமார் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். செய்கிறவர்களும் செய்துகொண்டே இருப்பார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சேற்றுக்குள் நின்றபடி, வராமற்போன விசாவைத்தான் நினைத்தேன்.

முதலில் பக்கத்து வீட்டைச் சந்தேகித்தேன். பிறகு மனைவியையே கேட்டேன். "அல்லாமேல சத்தியமா எனக்குத் தெரியா மச்சான்" என்று அழுதுவிட்டாள். அதற்குப் பிறகுதான் என் மூளை வேலை செய்தது. கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இப்படியான சாமானை எவரும் கடலில்தான் எறிவார்கள், திரும்பக் கிடைக்கவே கூடாது என்று. குடிக்கிற கிணற்றில் போடுகிறவர் யார்? வளவைவிட்டு வெளியே கால்வைக்க முடியாத ஒருவர். இத்தாவில் இருந்த ஒருவர். கிணற்றைக் கிண்டுகிற மருமகன் ஒருவன் வீட்டிலேயே இருப்பதை அந்த அவசரத்தில் அவர் மறந்துபோனார்.

நான் வாயே திறக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கட்டும் என்று பூட்டைப் பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் மேலே, பூனையின் கண்ணில் படுகிறமாதிரி வைத்தேன். அதன்பிறகு சீலைக்கு அந்தப் பக்கம் சத்தம் குறைந்தது. மாமி ஊற்றி அனுப்புகிற தேத்தண்ணியை நான் முகர்ந்து பார்த்துத்தான் குடித்தேன். நான் வளவில் எதைக் குனிந்து எடுத்தாலும் சீலை அசைந்தது. இரண்டு வருடம் இப்படியே போயிற்று. இதற்கிடையில் எங்களுக்கு ஒரு மகள் பிறந்து நடக்கவும் தொடங்கிவிட்டாள்.

அப்போதுதான் சவூதியில் இருந்த கூட்டாளி ஒருவன், கேளாமலே எனக்கொரு விசாவை அனுப்பிவிட்டான். கடிதத்தை மனைவிக்கு உரத்து வாசித்தேன். சீலை ஒருதரம் அசைந்தது. பள்ளிக்குப் போய் அசர் தொழுதுவிட்டு வந்து பெட்டியைத் திறந்தால் பூட்டைக் காணவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடியும் ஓதப் போகிறார், இந்த முறை கடலிலேயே கொண்டுபோய்ப் போடப் போகிறார் என்று குசினிப் பின்பக்கம் பாய்ந்தேன்.

மாமி பலகையில் குந்தியிருந்தார். பக்கத்தில் தேங்காயெண்ணெய்ப் போத்தல். மடியில் பூட்டு. கையில் சாவி, திருகித் திருகி விரல் சிவந்திருந்தது. என்னைக் கண்டும் எழுந்து உள்ளே போகவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார்.

"மருமகன், நான்தான் போட்டன். மாமாவும் மௌத்தாகி நீங்களும் போனா இந்த ஊட்டுல ஆம்புளத் தொண இல்லயே எண்டு பயந்து போட்டன். இப்ப பேத்திப் புள்ளைக்கு ஒரு வழி வேணும்தானே. துறந்து உடுவம் எண்டு பாக்கன், துறக்குதில்ல. நீங்க ஒருக்காப் பாருங்க."

எதிரே குந்தி, பூட்டை வாங்கினேன். இறுகிப்போன பூட்டு எனக்குப் புதிதல்ல. எண்ணெய் விட்டு, சாவியை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தேன். நாலாந்தரம் உள்ளே இளகியது. இன்னும் அரைத் திருகு போதும்.

ஊரார் எறிந்ததையெல்லாம் வேண்டும் வேண்டும் என்று சேர்த்தவன் நான். நான் வேண்டுமென்று ஒருவர் இவ்வளவு பாடுபட்டதை அதுவரை கண்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சாவியைத் திருகாமல் வெளியே இழுத்தேன்.

"உள்ளுக்கு எல்லாம் துரு மாமி. இது இனித் துறக்காது."

மாமி என் கையையே பார்த்தார். அவர் எதையும் இலேசில் நம்புகிறவரல்ல. பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "புள்ள, மருமகனுக்குத் தேத்தண்ணி ஊத்து" என்றார்.

விசாக் கடிதத்தையும் பூட்டையும் ஒன்றாகப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். வந்த தேத்தண்ணியை அன்றுதான் முகர்ந்து பார்க்காமல் குடித்தேன்.