நிறம் சொல்ல ஒரு கண்

என் மனைவிக்கு இடது கண் போன பிறகு, மிச்சமிருந்த வலது கண்ணை நம்பித்தான் வீட்டில் இருவரும் இருந்தோம். அவள் அந்தக் கண்ணால் தைத்தாள், சமைத்தாள், எனக்கு நிறம் சொன்னாள். சலரோகம், அதாவது நீரிழிவு, கண்ணுக்குள்ளே இரத்தத்தைக் கசியவிட்டு ஒரு பக்கத்தை மூடிவிட்டது. மற்றக் கண்ணுக்கு லேசர் அடித்த டொக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"புகார் மாதிரி, பனிமூட்டம் மாதிரி ஏதும் தெரிஞ்சா அண்டைக்கே வாங்கோ. நாளைக்குப் பாப்பம் எண்டு இருக்காதேங்கோ."

எனக்கு நிறம் சொல்ல ஏன் ஆள் வேண்டும் என்றால், எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பிறவியிலேயே அப்படி. இருபது வயதுவரை அது எனக்கே தெரியாது. வல்வெட்டித்துறையில் எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் கப்பலுக்குப் போனவர்கள். நானும் போகத்தான் கொழும்புக்குப் போனேன். அங்கே புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தை விரித்து, உள்ளே இருக்கும் எண்ணை வாசிக்கச் சொன்னார்கள். எண் எங்கே இருந்தது? புள்ளிகள்தான் இருந்தன. துறைமுக விளக்கு சிவப்பா பச்சையா என்று தெரியாதவனை எந்தக் கப்பலில் ஏற்றுவார்கள்? திரும்பி வந்து அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞனாகி, ஓய்வு பெறும்வரை கோப்புகளோடு மாரடித்தேன்.

அப்படிப்பட்டவன் ஓய்வு பெற்ற கையோடு நெபுலாக்களைப் படமெடுக்கக் கிளம்பியதை ஊர் பகிடி பண்ணியதில் தப்பில்லை. நெபுலா என்பது விண்மீன்களுக்கு நடுவே கிடக்கும் வாயு முகில். தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தால், யார் பார்த்தாலும், சாம்பல் தடவியதுபோலத்தான் இருக்கும். எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் எல்லோரும் என்னைப் போலத்தான்.

கமரா வாங்கியதும் அந்தச் சமத்துவம் போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத நிறம் கமராவுக்குத் தெரியும். பழைய கமரா ஒன்றை வாங்கி, நெபுலாவின் சிவப்பை மறிக்கும் கண்ணாடித் தகட்டை உள்ளிருந்து கழற்றுவித்தேன். மொட்டை மாடியில் அதை வைத்து, ஒரே இடத்தை நிமிடக்கணக்கில் பார்க்கவிட்டு, அப்படி எடுத்த படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பேன். தகடு இல்லாத கமரா எல்லாவற்றையும் சிவப்பாக்கித் தரும். அதை இழுத்துச் சரிசெய்வதுதான் வேலையில் பாதி. எனக்கோ அந்தச் சிவப்பே தெரியாது. எந்தப் படமும் எனக்குச் சேறு கலந்த தண்ணீராகத்தான் இருக்கும்.

ஆகவே அவள் வந்தாள். சட்டை தைத்துக் கொடுத்துப் பிழைத்தவள். ஒரே நிறத்தில் பத்து நூற்கட்டைகளை மேசையில் போட்டால் பத்துக்கும் பத்துப் பெயர் சொல்வாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, வெயில் விழாமல் யன்னலைச் சாத்திவிட்டு, பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருப்பாள். நான் மவுசை நகர்த்துவேன்.

"கூடிப்போச்சு. உது கலியாண வீட்டுச் சீலைமாதிரி. குறையுங்கோ. இன்னும். இன்னும் கொஞ்சம். ஆ, நில்லுங்கோ, தொடாதேங்கோ."

வானத்தைப் பற்றி அவளுக்கு ஒரு துளி அக்கறை கிடையாது. இத்தனை ஆயிரம் ஒளியாண்டு தூரம் என்று நான் தொடங்கினால் கொட்டாவி விடுவாள். ஆனால் நிறத்தில் பிழைவிட மாட்டாள். இணையத்தில் படம் போட்டால் வெளிநாட்டுக்காரர் நிறத்தைத்தான் புகழ்வார்கள். நான் நன்றி சொல்லிப் பதில் எழுதுவேன்.

இதற்கு அவள் தேவையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மென்பொருளில் ஒரு பட்டன் உண்டு. படத்திலுள்ள விண்மீன்கள் என்னென்ன நிறம் என்பது ஏற்கெனவே அளந்து வைக்கப்பட்ட விஷயம். பட்டனை அமத்தினால் கணினி அதோடு ஒப்பிட்டு, முழுப் படத்தின் நிறத்தையும் தானே சரியாக்கிவிடும். கண்டுபிடித்த அன்றே அவளிடம் சொன்னேன்.

"அப்ப எனக்கு இனி இதிலை வேலையில்லை," என்று எழும்பினாள்.

"இரும். அது மெசினின்ரை கலர். எனக்கு உம்மடை கலர் போதும்."

நான் இனிக்க இனிக்கக் கதைக்கிறவன் இல்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவளிடம் நான் சொன்னவற்றில் அதுதான் ஆகப் பெரியது. அவள் கதிரையில் திரும்ப இருந்தாள்.

இந்த வருடம் மாரி மழை விட்டு வானம் வெளித்ததும் ரோசாப்பூ நெபுலாவைத் தொடங்கினேன். ஓரியனுக்குப் பக்கத்தில், வட்டமாக விரிந்த பூவைப்போல இருக்கும் முகில். மங்கல் என்பதால் நிறைய நேரம் படமெடுக்க வேண்டும். அந்த நாட்களில்தான் அவள் தையல் வேலை எடுப்பதை நிறுத்தினாள். குனிஞ்சிருக்க நாரி நோகுதாம். நம்பினேன். திரைக்குக் கிட்டக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனாள். எழுத்துச் சின்னனாம். அதையும் நம்பினேன். கண் எப்படி என்று கேட்ட நேரமெல்லாம், "ஒரு குறையும் இல்லை" என்றாள். கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டேன் என்ற நிம்மதியில் நான் மாடிக்கு ஏறிவிடுவேன்.

வழக்கம்போல அவள் சொன்ன இடத்தில் நிறத்தை நிறுத்தி, படத்தைக் கனடாவிலிருக்கும் மகளுக்கு அனுப்பினேன். மகள் போன் எடுத்துச் சிரித்தாள்.

"என்னப்பா, ரோசாப்பூ எண்டு சொல்லிப்போட்டு இலையை அனுப்பியிருக்கிறியள்? முழுக்கப் பச்சை."

"உன்ரை போன் பழசு," என்றேன்.

"போன மாசம் வாங்கினது, அப்பா."

குசினிக்குள் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. அதை நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் மகளின் போனைத் திட்டுவதில்தான் எனக்கு அவசரம்.

அடுத்த நாள் மத்தியானம், மகளின் வாயை அடைக்கவென்று, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய இருந்தேன். மனைவி பக்கத்தில் வந்திருந்தாள். அவசரத்தில் வேறொரு கோப்பைத் திறந்துவிட்டேன். நிறம் சேர்ப்பதற்கு முந்திய, வெறும் கறுப்பு வெள்ளைக் கோப்பு. எனக்குக் கண்ணால் வித்தியாசம் தெரியாது. ஆனால் திரையின் மூலையில் மூன்று நிறங்களுக்கும் மூன்று கோடுகள் ஓடவேண்டிய வரைபடத்தில் ஒரு கோடுதான் ஓடியது. சீ என்று அதை மூடப் போனேன். அதற்குள் அவள் முன்னுக்குச் சாய்ந்து சொன்னாள்.

"சிவப்பு நல்லா ஏறியிருக்கு. கொஞ்சம் குறையுங்கோ."

நான் கோப்பை மூடவில்லை.

"ஒருக்கா வடிவாப் பாரும்."

"பாத்துத்தானே சொல்லுறன். கொஞ்சம் குறைச்சாச் சரி."

"உது கறுப்பு வெள்ளை."

அவள் கதிரையில் பின்னுக்குச் சாய்ந்தாள். முகத்தை எந்தப் பக்கம் வைப்பதென்று தெரியாமல் யன்னல் பக்கம் திருப்பினாள். யன்னல் சாத்தியிருந்தது.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"தைப்பொங்கலுக்கு முன்னம். புகார்மாதிரித்தான் வந்தது."

நான் கத்தினேன். அயல் வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினேன். விசரோ உமக்கு, டொக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னவர் எல்லோ என்று கத்தினேன். பயம் எனக்குக் கோபமாகத்தான் வரும், எப்போதும் அப்படித்தான்.

விடிந்ததும் ஒட்டோ பிடித்து யாழ்ப்பாணம் போனோம். டொக்டர் வெளிச்சத்தை அடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அவளிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார். உள்ளே இரத்தம் கசிந்து, விழித்திரை இழுபட்டுக் கழன்றுவிட்டது. வெளிச்சமும் நிழலும் தெரியும், அதுவும் எவ்வளவு நாளைக்கு என்று சொல்ல முடியாது. மங்கத் தொடங்கியபோதே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம்.

திரும்பி வரும்போது வீடுவாசல் இல்லாத வல்லை வெளியில் காற்று ஒட்டோவைப் பிடித்து ஆட்டியது. அந்த இரைச்சலில்தான் எனக்குக் கேட்கத் துணிவு வந்தது.

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

மடியில் கிடந்த மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னா நீங்கள் உந்தப் பட்டனை அமத்தியிருப்பியள்."

"பட்டனோ?"

"ஓம். அமத்திப்போட்டு உங்கடை பாட்டிலை இருந்திருப்பியள். பேந்து நான் மத்தியானத்திலை என்ன செய்யிறது?"

அவள் குற்றஞ்சாட்டவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். நான் தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சண்டை பிடித்திருக்கலாம், பட்டனை அமத்தியிருக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கலாம். ஆனால் அவளுக்குக் கண் இல்லையென்று தெரிந்த பிறகு நான் என்ன செய்திருப்பேன்? அவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று, அவளுடைய நன்மைக்கென்றே, அமத்தித்தான் இருப்பேன்.

பிறகு நான் அந்த அறைக்குள் போகவில்லை. ரோசாப்பூ தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே சரிந்து, மாலை வெளிச்சத்துக்குள் போய்விட்டது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுத் தொடங்கியது. சமையல் என் தலையில் விழுந்தது. அவள் உப்புக் கூடவா குறையவா என்று மட்டும் சொல்லவேண்டியிருந்தது. அதைச் சரியாகச் சொன்னாள்.

ஒரு மத்தியானம் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு அவளாகவே அந்த அறைக்குப் போனாள். கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. நான் வாசலில் போய் நின்றேன்.

"வாங்கோ. அந்தப் பூவைப் போடுங்கோ."

"வேண்டாம்."

"எடுத்த படத்தைப் பழுதாக்கவோ? போடுங்கோ."

போட்டேன்.

"இப்ப பட்டனை அமத்துங்கோ."

"அது தேவையில்லை."

"அமத்துங்கோ எண்டு சொல்லுறன்."

அமத்தினேன். கணினி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வேலை முடிந்தது என்று ஒரு வரியைக் காட்டியது. அவள் திரையின் பக்கம் முகத்தை நீட்டினாள். வெளிச்சம் மட்டும் அவள் கன்னத்தில் விழுந்தது.

"என்ன கலர் வந்திருக்கு?"

நான் பார்த்தேன். கண்ணைச் சுருக்கியும் விரித்தும் பார்த்தேன். சேற்றுத் தண்ணீரில் ஒரு வட்டம்.

"தெரியேல்லை," என்றேன்.

"மகளுக்கு அனுப்புங்கோ. அவள் சொல்லுவாள்."

அனுப்பினேன். "அங்கை இன்னும் விடியேல்லை," என்றேன்.

"எழும்பட்டும். இருப்பம்."

இருந்தோம். படம் எங்கள் முன்னால் திறந்தே கிடந்தது. அது என்ன நிறம் என்று சொல்ல அந்த வீட்டில் யாரும் இருக்கவில்லை.