மாத்திரைக்குத் தப்பிய செல்

என் மனைவிக்கு இருமல் மறுபடி வந்தபோது நாங்கள் இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அவள் இருமுகிறாள் என்பதே எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

அவளுக்கு நுரையீரல் புற்றுநோய். ஓசூர் ரோஜாப் பண்ணையில் பூத் தரம் பிரிக்கிறவள். எங்கள் வீட்டிலும் அவள் பிறந்த வீட்டிலும் யாரும் பீடி, சிகரெட் தொட்டதில்லை. செல் பிரியும்போது மரபணுவைப் படியெடுப்பதில் ஒரு பிழை நேர்ந்திருக்கிறது, அது யாருக்கும் நேரலாம் என்றார் பெங்களூரு மருத்துவர். அந்தப் பிழையைக் குறிவைக்கும் மாத்திரை கொடுத்தார். ஓராண்டுக்கு மேல் நன்றாக இருந்தாள். வேலைக்குக்கூடப் போனாள்.

இப்போது ஸ்கேனில் கட்டி மறுபடி வளர்ந்திருந்தது.

"வேளை தவறாமத்தான சாப்பிட்டேன் டாக்டர்? எங்க தப்பு பண்ணேன்?"

"உங்க தப்பு இல்லம்மா. கோடிக்கணக்கான செல்லுல ஏதோ ஒண்ணுல இன்னொரு மாற்றம் வந்திருக்கும். மாத்திரை மத்ததைக் கொன்னுச்சு. அது மட்டும் தப்பிச்சுப் பெருகிடுச்சு."

அவள் பாரூரில் நெல் விளைவிக்கும் வீட்டுப் பெண். "நெல்லுல புகையான் பூச்சிக்கு மருந்தடிக்கிற மாதிரி. சாவாத பூச்சி முட்டை வச்சா, அதோட குஞ்சும் சாவாது" என்றாள்.

மருத்துவர் தலையசைத்தார். எந்த மாற்றம் என்று மறுபடி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். அவர் நினைக்கிற மாற்றமென்றால் வேறு மாத்திரை உண்டு. இல்லையென்றால் கீமோ.

வரும் வழியில் அத்திப்பள்ளி நெரிசலில் வண்டி நின்றபோது அவள் சொன்னாள்: "ஏங்க, ரிசல்ட் வந்தா உடனே எங்கிட்ட சொல்லிடணும். உங்க மூஞ்சியப் பாத்து நானா தெரிஞ்சிக்கிற மாதிரி வைக்காதீங்க."

சதை எடுத்தனுப்பி முடிவுக்குக் காத்திருந்த நாட்களில், நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் அளந்த பாகத்தையே திரும்பத் திரும்ப அளந்தேன். கடைசியில், கம்பெனி பஸ்ஸில் போகும்போது மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, சாலையோரத்தில் நின்று திரும்பக் கூப்பிட்டேன். மருத்துவர் நினைத்த மாற்றமேதான்.

உடனே அவளை அழைத்தேன்.

"மாத்திரை இருக்குது. புதுசு."

"இதுலயும் ஏதாவது ஒண்ணு தப்பிக்கும்ல?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தப்பிக்கலாம்."

"சரி. என்னிக்கி ஆரம்பிக்கணும்னு கேளுங்க."

சில வாரங்களில் இருமல் அடங்கியது. மறுபடி பண்ணைக்குப் போகிறாள். ஆனால் ஸ்கேன் எடுக்கப் போகும் காலைகளில், பெங்களூரு சேரும்வரை நாங்கள் பேசிக்கொள்வதில்லை.