மூடாத பாத்திகள்

ஆராய்ச்சிப் பண்ணையில் எல்லோரும் அவரைக் கயிற்றுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மக்காச்சோளம் விதைக்கும் நாளில் இரண்டு குச்சிக்கு நடுவே அவர் கயிறு கட்டினால் வரிசை நூல் பிடித்த மாதிரி இருக்கும். பெரிய படிப்பெல்லாம் இல்லை. ஆனால் அங்கிருந்த பதினாறு பாத்திகளையும் அவர் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

பாத்திகளில் நடந்தது ஒரு சோதனை. பாதியை ஆழ உழுவார்கள். மீதியில் உழாமல் குழி போட்டு விதைப்பார்கள். இரண்டிலும் சரிபாதிக்குக் காய்ந்த மக்காச்சோளத் தட்டையைப் பரப்பி மூடாக்கு போடுவார்கள், மற்றதெல்லாம் வெறும் மண். எதில் விளைச்சல் கூடும், எதில் மண்ணின் சத்து தங்கும் என்று பார்க்க வேண்டும். அதிகாரி விதைப்புக்கு வருவார், அறுவடைக்குத் தராசோடு வருவார். களையெடுப்புக்கு மட்டும் வந்ததே இல்லை. குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் மனிதர் களைக்கு எங்கே வருவார்?

ஆறாம் வருடம் முடிவு அச்சாகி வந்தது. மூடிய பாத்திக்கும் மூடாத பாத்திக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை, தட்டையை நிலத்தில் விடத் தேவையில்லை என்றது தாள். கயிற்றுக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. அதை மகள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். அதுவரை தட்டையை நிலத்திலேயே விட்டுவந்த மருமகன், அந்த வருடமே ஒரு குச்சி மிச்சம் வைக்காமல் தீவனக்காரனுக்கு ஏற்றிவிட்டான். அடுத்த இரண்டு வருடமும் அப்படியே. நிலம் சும்மா இருக்குமா? மழை நேராக அடித்து மேல்மண் இறுகியது, வெயிலில் பாளம் பாளமாக வெடித்தது. அதற்கும் அடுத்த வருடம் விதைத்ததில் பாதி முளைக்கவே இல்லை. விளையாத மண்ணை வைத்து என்ன செய்ய, செங்கல் சூளைக்கு வெட்டிக் கொடுத்துவிடலாம் என்று மருமகன் பேச ஆரம்பித்தான். மேல்மண் போனால் அப்புறம் அது நிலமே இல்லை. மகளுக்கு இருந்ததோ அது ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில் பண்ணைக்குப் புதிதாக ஒரு அதிகாரியம்மா வந்தார். களையெடுக்கும் நாளில் வரப்பில் நின்று பார்த்தார்.

"பிடுங்குன களையை எங்க போடுவீங்க?"

"வேற எங்கம்மா, செடி தூர்லதான். காஞ்சா உரமாகும்ல."

"மூடாத பாத்தியிலயுமா?"

"எல்லாத்துலயும்தான்."

அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வெறும் மண்ணில்தான் களை மண்டும், அதனால் பிடுங்கிய களையும் அங்கேதான் அதிகம் விழுந்து மூடியிருக்கிறது, பத்து வருடமாக இங்கே மூடாத பாத்தி என்று ஒன்று இருக்கவே இல்லை, பிறகு வித்தியாசம் எப்படித் தெரியும் என்று மெதுவாகச் சொன்னார். களையை வெளியே கொட்டச் சொல்லி இவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டிய பழைய அதிகாரி பதவி உயர்ந்து போய்விட்டார். நல்லது என்று நினைத்துச் செய்த கைப்பழக்கம் இப்படியா குடியைக் கெடுக்கும்? தாளை மாற்றலாமா என்று கயிற்றுக்காரர் கேட்டார். எழுதிப் பார்க்கிறேன் என்றார் அந்த அம்மா. ஊர் ஊராகப் போன தாளை யார் திரும்பப் பொறுக்குவது?

கையில் இருந்த மண்ணைக்கூடக் கழுவாமல் மகள் வீட்டுக்குப் பஸ் ஏறினார். போய்ச் சேர்ந்தபோது நிலத்தின் ஓரத்தில் மண் வெட்டும் இயந்திரம் இறங்கியிருந்தது. மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னார். தப்பு தன்னுடையது என்றார். தட்டையைப் போட்டு மூடினால் மண் நாலைந்து வருடத்தில் தேறிவிடும், நிறுத்துங்க மாப்பிள்ளை என்று கெஞ்சினார்.

மருமகன் கடைசிவரை கேட்டான்.

"ஆபீஸ்காரங்க சொன்னாங்கன்னு நான் நம்பல மாமா. நீங்க பாத்த வயலுன்னுதான் நம்புனேன். இப்ப மறுபடியும் உங்களையே நம்பச் சொல்றீங்க."

அவர் மகளைப் பார்த்தார். அவள் தலை குனிந்துகொண்டாள். மருமகன் திரும்பி, இயந்திரக்காரனைப் பார்த்து, வெட்டு என்று கையசைத்தான்.