அண்ணன் நினைவாக

எங்கள் ஊர் நூலகத்தில் மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை வாசகர் வட்டம் கூடும். முப்பது நாற்காலி போட்டிருப்பார்கள், பதினொரு பேர் உட்கார்ந்திருப்போம். அந்த மாதம் மட்டும் ‘என் நூல் பிறந்த கதை’ என்று தலைப்பு வைத்து, சங்கரன்கோவிலிலும் சுற்று வட்டாரத்திலும் இருக்கிற எழுத்தாளர்கள் மூன்று பேரைப் பேச அழைத்திருந்தார்கள். மூன்றாவது ஆள் நான். ஒரே ஒரு சிறுகதைத் தொகுப்பு போட்டவள். குருவிகுளம் ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தராக இருப்பதால், “எழுத்தர் எழுத்தாளர் ஆயிட்டாங்க” என்று நூலகர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அதற்கென்று நானும் ஒரு சிரிப்பு வைத்திருந்தேன். அந்த மாதம் அது வரவில்லை.

அண்ணன் செத்து ஐம்பது நாள் ஆகியிருந்தது. நூலகர் போனில் கேட்டபோது மறுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. ஒத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. சரி என்றேன். அந்த நாட்களில் யார் என்ன கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். காய்கறிக்காரர் முற்றின வெண்டைக்காயை அள்ளிப் பையில் போட்டபோதும் சரி என்றேன்.

அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். புளியங்குடியில் எலுமிச்சங்காய்க் கமிஷன் கடை வைத்திருந்தான். தினமும் காலை ஆறு மணிக்கு எனக்குப் போன் செய்வான். காய் வந்து இறங்குவதற்கு முன்னால் அவனுக்குக் கிடைக்கிற கால் மணி நேரம் அது. எனக்கு அடுப்பில் பால் பொங்குகிற நேரம். சாப்பிட்டாயா, சளி எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்க மாட்டான். எடுத்த எடுப்பில், “ஏட்டி, நேத்து ஒரு கூத்து கேளு” என்பான். சண்டை போட்ட வியாபாரிக்குத் தன் காய் போய்விடக் கூடாது என்று மூட்டை மேலேயே படுத்துத் தூங்கிவிட்ட எலுமிச்சைத் தோட்டத்துச் சம்சாரி வருவார். ஒரு கூடை காய் கொடுத்தனுப்பியும் சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் ஊறுகாய் வரவில்லையே என்று ஆறு மாதம் பேசாமல் இருந்த பெண் வருவாள். முடிக்கும்போது தவறாமல், “இத எழுதிராதட்டி” என்பான். எழுது என்பதற்கு அவன் வைத்திருந்த சொல் அது. என் தொகுப்பில் பன்னிரண்டு கதைகள். ஒன்பது அவன் வாயிலிருந்து வந்தவை.

அதனால் புத்தகம் அச்சுக்குப் போகும்போது முதல் பக்கத்தில் அவனுக்கென்று ஒரு வரி போட நினைத்தேன். சமர்ப்பணம், காணிக்கை என்றெல்லாம் போட்டால் அவன் கூசிப் போவான். அந்தக் கதைகளை எழுதிய இரண்டு வருடமும் அவன் நினைவாகவே இருந்தேன், அது உண்மை. அதையே எழுதிக் கொடுத்தேன்: ‘என் அண்ணன் நினைவாக.’

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. “என்னட்டி, யார் நெனவா இருக்க?” என்று கேட்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். நினைவு என்றால் எனக்கு உயிரோடு இருக்கிறவர்களின் நினைவுதான். அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறவருக்கோ முக்கால்வாசி வேலை கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள். அந்த வரியைப் பார்த்ததும் கைப்பழக்கத்தில் கீழே ஒரு குத்துவிளக்குப் படத்தையும் வைத்துவிட்டார். பிழை திருத்த எனக்கு வந்த படியில் அதைப் பார்த்தேன். விளக்கு நன்றாக இருக்கிறதே என்று நினைத்தேன். ஒற்றுப்பிழை கண்டுபிடிப்பதில் எங்கள் அலுவலகத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அடுத்த பக்கத்தில் விடுபட்டுப் போயிருந்த ஒரு ‘க்’கைச் சேர்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஊசி போன இடத்தைத் தேடுகிறவளுக்கு உலக்கை போன இடம் தெரியவில்லை.

புத்தகம் வந்த மூன்றாம் நாள், பனவடலிசத்திரத்தில் இருக்கிற என் பள்ளித்தோழி போன் செய்தாள்.

“அண்ணாச்சி எப்பட்டி தவறினாவ? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே” என்று அழுதாள்.

முதலில் சிரித்துவிட்டேன். பிறகு புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அண்ணனுக்கென்று எடுத்து வைத்த பத்துப் பிரதிகள் முந்தின நாளே புளியங்குடி பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிட்டன.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு விளக்கு வைத்துவிட்டு என்ன பேசுவது? என்ன சொல்வதென்று யோசித்து வைத்துக்கொண்டு நாளைக்குப் பேசலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அடித்தது. அதற்கு அடுத்த நாளும் அடித்தது. ஒரு வாரம் அப்படியே போனது. அந்த ஒரு வாரம் ஏன் எடுக்கவில்லை என்பதற்கும் சேர்த்து ஒரு பதில் தேட வேண்டியதாயிற்று. எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அண்ணனும் மதினியும் வருடா வருடம் எங்கள் வீட்டுக்கு வந்து தங்குவார்கள். அந்த வருடம், அலுவலகத்தில் தணிக்கை, நான் ஊரில் இருக்க மாட்டேன், வர வேண்டாம் என்று செய்தி அனுப்பினேன். தணிக்கை உண்மைதான். ஊரில்தான் இருந்தேன்.

‘சரி’ என்று ஒரு சொல் வந்தது. ஆறு மணிப் போன் அதோடு நின்றது. மதினி சகுனம் பார்க்கிறவள், புத்தகத்தைப் பார்த்துப் பதறியிருப்பாள், என்னிடம் பேச வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லியிருப்பாள் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். கதை கட்டத் தெரிந்தவளுக்கு அது ஒரு வசதி. புளியங்குடிக்கு மணிக்கு நாலு பஸ் இருக்கிறது. நான்கு மாதம் நான் ஒன்றிலும் ஏறவில்லை.

ஒரு நாள் கடையில் காய் கொட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தென்காசிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

நான் போய் இறங்கியபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உறவுக்காரப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், “புஸ்தகத்துல முன்னக்கூட்டியே போட்டுட்டாளே” என்றாள். என் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னாள். விழுந்தது. வலித்திருக்க வேண்டும். பல் பிடுங்க ஊசி போட்ட தாடையைத் தொட்டுப் பார்ப்பது போல அந்தச் சொல்லை உள்ளுக்குள் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. மதினி தலையைத் தூக்கி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். என்னைக் கட்டிக்கொண்டு அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. “கல்லு கணக்கா நிக்கா பாரு” என்று இன்னொரு குரல் கேட்டது. அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் அச்சகத்துக்காரர் பேசினார். அந்த வரியை அடுத்த பதிப்பில் எடுத்துவிடச் சொல்லி முன்பு அவரிடம் கெஞ்சியிருந்தேன். “அந்தப் பக்கத்த மாத்தணும்னு சொன்னியளே மேடம், இனி மாத்த வேண்டாம்லா? சரியாத்தான இருக்கு” என்றார். நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார். அவருக்கும் சரி என்றேன்.

இந்த நிலையில்தான் நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். முதலில் விசைத்தறியில் வேலை பார்க்கிற கவிஞர் பேசினார்.

“தறிச் சத்தத்துலயா கவிதை வருதுன்னு எல்லாரும் கேக்காவ. தறிச் சத்தத்துல பக்கத்துல நிக்கவன் பேசுததே கேக்காது. கரண்டு போனாத்தான் நான் எழுதுவேன். இப்ப கரண்டு ஒழுங்கா இருக்கு, அதனால ரெண்டாவது புஸ்தகம் வரல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்து, வருவாய்த் துறையில் ஓய்வு பெற்று நம் பக்கத்துக் குளங்களைப் பற்றி எழுதியவர். பத்து நிமிடம் கொடுத்தால் நாற்பது நிமிடம் பேசுகிறவர். கிராம வரைபடத்தில் நீலமாக இருந்த இடங்களுக்கு நேரில் போய் நின்றால் எல்லாம் முள்ளுக்காடாக இருந்தது என்றும், அந்த நீலத்தைத் தேடித்தான் எழுதினேன் என்றும் சொன்னார். நல்ல பேச்சு என்று தெரிந்தது. உள்ளே இறங்கவில்லை.

அவர் மடை, மறுகால் என்று போய்க்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் மதினி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். அண்ணன் போன பிறகு அவள் வீட்டை விட்டு வெளியே வந்ததே அன்றைக்குத்தானாம், பிறகு தெரிந்துகொண்டேன். என்னைத் திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுதான் இருந்தது. அம்மாவும் அப்பாவும் எப்போதோ போய்விட்டார்கள். பிறந்த வீடு என்று எனக்கு மிச்சம் இருந்தது இந்த மதினி திறந்துவிடுகிற கதவு ஒன்றுதான். அதுவும் சாத்திக்கொண்டால் புளியங்குடி எனக்கு வெறும் பஸ் பெயர்ப்பலகை.

நூலகர் என்னை அறிமுகப்படுத்தினார். “மறைந்த தன் அண்ணனின் நினைவாக இந்த நூலை எழுதியவர்” என்றார். அண்ணன் மறைந்தது உண்மை. அவன் நினைவாக எழுதியதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பொய். கையில் ‘வாசிப்பும் வட்டார வாழ்வும்’ என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதைப் பிரிக்கவில்லை.

“இந்தப் புத்தகம் வரும்போது எங்க அண்ணன் உயிரோட இருந்தான்” என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது கதைகளை அவன் சொன்னதை, வரி எழுதியதை, விளக்குப் படத்தை, போனை எடுக்காததை, ஆடித்தபசுக்குப் பொய் சொன்னதை. குரல் நடுங்கவில்லை. அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு வாசிப்பதுபோல வாசித்து முடித்தேன். யாரும் கை தட்டவில்லை. தறிக் கவிஞர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நூலகர் எனக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு, போர்த்தலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். நானே வாங்கிக்கொண்டேன்.

நான் பேசி முடித்ததுமே மதினி எழுந்து போயிருந்தாள். பஸ் நிறுத்தத்தில் பிடித்தேன். பக்கத்தில் போய் நின்றேன்.

“மதினி, அண்ணன் ரொம்பக் கோவமா இருந்தானா?” என்று கேட்டேன்.

“எதுக்கு?”

“அந்த வரிக்குத்தான்.”

“கோவமா?” மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அந்தப் பக்கத்த விரிச்சு வச்சு, கடைக்கு வாரவன் போறவன் எல்லாருக்கும் காட்டினாவ. ‘எழுதி முடிக்க வரைக்கும் என் நெனவாவே இருந்திருக்கா பாருங்கல’ன்னு. எனக்குத்தான் திக்குன்னு இருந்துச்சு. இது என்ன இப்படிப் போட்டிருக்கான்னு கேட்டேன். ‘ஒனக்கு ஒரு மண்ணும் தெரியாது, அவ சொல்லுதது எனக்கு வெளங்கும்’னுட்டாவ.”

“அந்த வெளக்குப் படம்?”

“வெளக்கு நல்லா இருக்குன்னாவ.”

நான் எழுதிய அர்த்தத்தில் அந்த வரியைப் படித்த ஒரே ஆள் அவன்தான். இது தெரிந்த பிறகாவது அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

“பெறகு ஏன் மதினி நீங்க எங்கிட்டப் பேசல? அன்னைக்கு வீட்டுல ஒரு வார்த்தை பேசலையே.”

“நீ ஏன் போன எடுக்கல?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள். “காலையில ஆறு மணிக்குப் போனக் கையில வச்சுக்கிட்டு நிப்பாவ. அடிச்சு அடிச்சுப் பாப்பாவ. ‘புஸ்தகம் போட்டாச்சு, பெரிய ஆளாயிட்டா, இனி எலுமிச்சங்கா யாவாரிகிட்ட என்ன பேச்சு’ன்னாவ. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாவ. ஆடித்தபசுக்கு வர வேண்டாம்னு போட்டியே, அதுக்குப் பெறகு அப்படிச் சிரிக்கல. தெனமும் அந்த நேரத்துக்குப் போன எடுப்பாவ, கீழ வச்சிருவாவ. பக்கத்துல இருந்து பாத்தவ நான். அதான் ஒங்கிட்டப் பேச முடியல.”

“வெக்கமா இருந்துச்சு மதினி” என்றேன். “வேற ஒண்ணும் இல்ல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசன்னு வெக்கமா இருந்துச்சு.”

புளியங்குடி பஸ் வந்து நின்றது. மதினி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் ஏறினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

“இந்த ஒரு வார்த்தைய அவியகிட்டச் சொல்லியிருக்கலாம்லா, ஏட்டி.”

ஆமாம் மதினி என்று சொன்னேன். பஸ் அதற்குள் கிளம்பிவிட்டது.