கண்ணுக்குள் மினுங்கிய சாயம்

கண்ணுக்குள் சாயம் மினுங்கினால் கண் போச்சு என்றுதான் நான் நம்பினேன். பார்க்கிற வேலை அப்படி. ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் உதிரி பாகங்களைச் சோதிக்கும் மேசை என்னுடையது. பாகத்தின் மேல் சாயத்தைத் தடவித் துடைத்துவிட்டு, இருட்டறையில் நீல விளக்கைக் காட்டுவோம். விரிசல் இருந்தால் அதற்குள் பதுங்கிய சாயம் பச்சையாக மினுங்கும். முடியளவு மினுங்கினாலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி. பாகம் பழைய இரும்புக்குப் போகும். நான் குறியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவேன்.

என் வலது கண்ணில் கறுப்பு நூல்கள் மிதக்க ஆரம்பித்ததும் மனைவி என்னைப் பூந்தமல்லியில் ஒரு கண் மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். "சர்க்கரையால விழித்திரையில புதுசா ரத்தக்குழாய் முளைச்சிருக்கான்னு பாக்கணும். கையில சாயம் ஏத்தி நீல வெளிச்சத்துல போட்டோ எடுப்போம்" என்றார் டாக்டரம்மா. இத்தனை நாள் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவன், அந்தப் பக்கம் போய்விட்டேன்.

தாடையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தேன். நீல வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தது. "கண்ண சிமிட்டாதீங்க சார்" என்று படம் எடுத்த பெண் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் திரையை ஓரக்கண்ணால் பார்த்தேன். கறுப்புப் பரப்பு முழுக்க வேப்பமரக் கிளைகள் மாதிரி வெள்ளைக் கோடுகள், கிளைக்குக் கிளை பிரிந்து மினுங்கின. இத்தனை விரிசல் விட்ட பாகத்தை என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் மேசைக்கூட்டாளிக்குப் போன் போட்டேன். "மச்சான், நான் ரிஜெக்ட்டுடா!"

"இன்னாடா உளர்றே? எந்தப் பார்ட்டு?"

"நானேதான்டா!"

"காலையிலயே ஊத்திக்கினியா?" என்று வைத்துவிட்டான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கழிப்பறைக்குப் போனால் சிறுநீர் பளீரென்று மஞ்சளாகப் போகிறது. கண்ணில் மட்டுமல்ல, உடம்பு முழுக்கக் கசிவு! ஓடிவந்தேன். என் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்து, அத்தனை பேர் நடுவில் கத்தினேன்: "எல்லாம் உன்னாலதான்! மூணு வேளையும் சோத்தைக் கொட்டிக் கொட்டி என் கண்ணை அவிச்சுட்டே!"

எதிர் வரிசையில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு படுத்திருந்த பெரியவர்கூட ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். மனைவி என் கண்ணாடியை முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

டாக்டரம்மா கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். "இந்தக் கோடெல்லாம் எல்லார்க்கும் இருக்கிற ரத்தக்குழாய். சாயம் உள்ள ஓடினா மினுங்கத்தான் செய்யும்."

"யூரின் மஞ்சளா..."

"அந்தச் சாயம்தான். நாளைக்குள்ள போயிடும்."

பிறகு வலது கண் படத்தின் ஓரத்தைத் தொட்டார். பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒரு சின்ன மங்கல். அடுத்தடுத்த படங்களில் அது பெரிதாகிக்கொண்டே போனது. "இதுதான் புதுசா முளைச்ச குழாய். பலம் இல்லாதது, சாயத்தை வெளிய விடுது. விட்டா ரத்தமும் கசியும், பார்வையும் போகலாம். லேசர் வெச்சு இதை அடக்கிடலாம்."

அந்த வேப்பமரக் கிளைகளை விரிசல் என்று எண்ணி அலறியவன், உண்மையான கசிவைக் கண்டுகொள்ளவே இல்லை. நானெல்லாம் ஒரு சோதனைக்காரன்! இதை ஒரு ஜோக்காக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரா?" என்று டாக்டரம்மா மனைவியைக் கேட்டார்.

"தினமும் நானே எடுத்துக் குடுக்கறேன் மேடம். என் கண்ணு முன்னாடிதான் போட்டுக்கறார்" என்றாள் அவள். அந்தக் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எனக்கு ஜோக் வரவில்லை. சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று கேன்டீனில் யாரோ சொன்னதை நம்பி, அதை நாக்கடியில் அதக்கி, வீட்டு வாசலில் இருந்த குரோட்டன்ஸ் செடித் தொட்டியில் துப்பிக்கொண்டிருந்தேன். அதை அங்கேயே, அவள் முன்னால் சொன்னேன்.

திரும்பும்போது, படம் எடுக்கச் சொட்டு மருந்து விட்டிருந்த கண்ணுக்குப் பஸ் நம்பர் தெரியவில்லை. அவள்தான் முழங்கையைப் பிடித்து ஏற்றினாள்.

வலது கண்ணில் லேசர் வைத்தார்கள். பார்வை இருக்கிறது. இடது கண்ணில் கசிவு எதுவும் இல்லை. சோறு காரணமில்லை; மாத்திரையைத் துப்பியவன் நான்.