நம்பர் இல்லாத வரி

அரியலூர் ரோட்டு வளைவில் எனக்குப் பஞ்சர் கடை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்கள் அந்த வழியாகத்தான் போகும். ஆளை அடித்துவிட்டும் போகும்.

தங்கச்சி திருச்சியில் புள்ளியியல் படித்தவள். கணக்குப் போடுவதற்கென்றே ஆர் என்று ஒரு கம்ப்யூட்டர் மொழி இருக்கிறதாம். சுத்துப்பட்டில் டிப்பர் அடித்துச் செத்தவர்களை எல்லாம் அதில் ஏற்றி, வெப்சைட்டில் அட்டவணையாகப் போட்டாள். போனில் தலைப்பைத் தொட்டால் வரிசை மாறும். மேலே கட்டத்தில் ஊர்ப் பேரை அடித்தால் அந்த ஊர் மட்டும் நிற்கும். நான் எட்டாவதோடு நின்றவன். எனக்கே பார்க்க வந்தது.

எங்கள் பக்கம் டிப்பரை நம்பர் வைத்து யாரும் சொல்ல மாட்டார்கள். நம்பர் மேல் எப்போதும் சேறு. முகப்பில் எழுதிய சாமி பேர்தான் அடையாளம். ஜனம் சொன்ன அந்தப் பேருக்கும் தங்கச்சி ஒரு தலைப்பு வைத்தாள்.

ஊரில் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரே அம்மன் பேர் நாலு சாவுக்கு நேராக, ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து நின்றது. ஒரே வண்டி நாலு பேரை அடித்த மாதிரி. அதில் ஒன்று என் அத்தை. தாய்மாமன் பெண்டாட்டி.

மறுநாள் மத்தியானம் அந்தப் பேர் எழுதிய டிப்பர் ஒன்று டயர் இறங்கி என் கடையில் நின்றது. டிரைவர் ஆண்டிமடத்து ஆள். குனிந்து ஜாக்கி வைத்தார். மாமன் பின்னால் வந்து, டயர் கழற்றும் என் இரும்பு லிவரை எடுத்து அவர் முதுகில் போட்டார்.

"அண்ணே, நான் என்னண்ணே செஞ்சேன்?"

"நாலு பேரத் தின்னுட்டு காத்தடிக்க வந்தியாடா?"

கூட்டம் கூடிவிட்டது. மிதித்தார்கள். கல்லால் அடித்தார்கள். பல் இரண்டு மண்ணில் விழுந்தது. நான் டிரைவர் மேல் விழுந்து மறைத்தேன்.

"வுடு மாமா. செத்துருவான்."

"நவுருடா. அவ உனக்கு அத்தை இல்லையா?"

அடி என் முன்கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

தங்கச்சி ஓடி வந்தாள். துப்பட்டாவால் வண்டியின் சேற்றைத் துடைத்து நம்பரைப் பார்த்தாள். பிறகு போனை மாமன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"நாலும் ஒரே வண்டி இல்ல மாமா. பாருங்க."

போன் திரையில் இடம் பற்றாது. அதனால் நம்பர் உள்ளே மடங்கி இருந்தது. பக்கத்தில் உள்ள கூட்டல் குறியைத் தொட்டால்தான் விரியும். ஊரில் ஒருவரும் தொடவில்லை. அவள் ஒவ்வொன்றாகத் தொட்டாள். மூன்று வரியில் மூன்று நம்பர். எதுவும் இந்த வண்டி இல்லை. அத்தை வரியில் நம்பரே இல்லை.

"இதுல ஏன் காலியா இருக்கு?"

"அன்னைக்கு நம்பர யாரும் பாக்கல மாமா."

"அப்ப இதுவா இருக்கலாம்ல?"

இன்னொரு தடவை ஓங்கினார். அது டிரைவர் முகத்தில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் அவரைப் பிடித்து இழுத்தார்கள்.

டிரைவர் பிழைத்துக்கொண்டார். இடது கண் போய்விட்டது. மாமனைப் போலீஸ் கொண்டுபோனது.

தங்கச்சி அட்டவணையில் நம்பரை முதலில் வைத்தாள். சாமி பேரை எடுத்துவிட்டாள்.

ஜாமீனில் வந்த மாமன் நேராகக் கடைக்குத்தான் வந்தார். தங்கச்சி எனக்குச் சோறு கொண்டு வந்திருந்தாள்.

"பேரத் தூக்கிட்டியாமே. எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். இனிமே எதை வச்சித் தேடுறது?"

"தேடாதீங்க மாமா."

அவர் போகவில்லை. நான் கட்டுப் போடாத இடது கையால் சாப்பிட்டு முடித்தேன்.