பதினொரு மணிக்கு அணையும் கேமராவும் ஸ்டெல்லாவும்

ஸ்டெல்லா இறந்துவிட்டார். இன்று காலை, சேலம் மருத்துவமனையில்... நாற்பத்து நான்கு வயது.

எங்கள் சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஆறு வருடம் பக்கத்து மேஜை. நான் டிசைன் செய்யும் சர்க்யூட் போர்டு வெளியே போய் மக்கர் செய்தால், ஏன் என்று கண்டுபிடிப்பது ஸ்டெல்லாதான்.

திரும்பி வரும் போர்டை நாங்களெல்லாம் உடனே பிரிப்போம். அவர் முதலில் அந்த மெஷினை ஓட்டுகிறவருக்கு போன் போடுவார்.

என்ன ஃபால்ட் என்று கேட்கவே மாட்டார். "அது நின்னப்ப நீங்க என்னங்க பண்ணிட்டு இருந்தீங்க?" அவ்வளவுதான்.

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. பெல்ட்டில் வரும் முட்டைகளில் விரிசல் விட்டதைக் கேமரா பார்த்து ஒதுக்க வேண்டும். கேமரா போர்டு, உள்ளே எரியும் லைட் தெரியட்டும் என்று கண்ணாடி மாதிரி அக்ரிலிக் மூடி... எல்லாம் என் டிசைன்.

மாட்டி ஒரே வாரம்தான். தினமும் காலை பதினொரு மணிவாக்கில் கேமரா அணையும். அரை மணி நேரத்தில் தானாகவே வந்துவிடும்.

கேபிள் மாற்றினேன், கேமரா மாற்றினேன், சாஃப்ட்வேரையும் மாற்றினேன். ஆபீஸுக்குக் கொண்டுவந்து மூன்று நாள் ஓட்டினால் ஒரு தடவைகூட நிற்கவில்லை!

பண்ணைக்காரர் போனில் சொல்லிவிட்டார். "ஏனுங்க, நாளைக்கும் நின்னுச்சுன்னா கழட்டிட்டுப் போயிருங்க. மத்த ஷெட்டுக்கும் வேண்டாமுங்க."

அந்த மற்ற ஷெட்டுகளை நம்பித்தான் கம்பெனியே இருந்தது. மறுநாள் ஸ்டெல்லாவும் நானும் போனோம்.

நான் லேப்டாப்பை விரித்தேன். அவர் பெல்ட் பக்கத்தில் வேலை பார்த்த அக்காவிடம் போனார்.

"ஏனுங்கக்கா, என்னைக்காச்சும் நிக்காம ஓடுச்சுங்களா?"

"முந்தாநேத்து நிக்கலியே கண்ணு. அன்னிக்கு மோடம் போட்டுக் கெடந்துச்சு... வெயிலே இல்ல."

ஸ்டெல்லா அண்ணாந்து பார்த்தார். தகரக் கூரையில் வெளிச்சத்துக்காக ஒரே ஒரு ஷீட் மட்டும் கண்ணாடி மாதிரி. அதன் வழியாக ஒரு துண்டு வெயில் தரையில் விழுந்திருந்தது.

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கோ எரிச்சல்...

வெயில் மெல்ல நகர்ந்தது. மெஷின் காலில் ஏறியது. பதினொரு மணிக்கு அக்ரிலிக் மூடிமேல் வந்து நின்றது.

லேப்டாப்பில் கேமரா படம் போய்விட்டது.

ஸ்டெல்லா எழுந்து உள்ளங்கையை வெயிலுக்குக் குறுக்கே பிடித்தார். இரண்டு நொடி... படம் வந்தது. கையை எடுத்தார். போனது. மறுபடி பிடித்தார். வந்தது!

நான் மூடிக்குள் குனிந்து பார்த்தேன்.

இடம் மிச்சம் பிடிக்க, மேலே கறுப்பு உறை இல்லாத பவர் சிப் ஒன்றைப் போட்டிருந்தேன். நேர் வெயில் பட்டால், சூட்டால் இல்லை, வெளிச்சத்தாலேயே அந்த மாதிரி சிப் தடுமாறும் என்று எங்கோ படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

பண்ணைக்காரர் தோள் துண்டை எடுத்து மூடிமேல் போட்டார். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. "அட சாமீ... வெயிலாங்க!" என்று சிரித்தார்.

தகர மூடி மாட்டினோம். மற்ற ஷெட்டுகளுக்கும் ஆர்டர் வந்தது.

ரிப்போர்ட்டில் என் தப்பு என்று எழுதிவிடுங்கள் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "மூடி மாத்தியாச்சுன்னு எழுதிட்டேங்க முருகேசு. அதுக்கு மேல எதுக்குங்க?" என்றார்.

மூன்று வாரம் முன்பு மருத்துவமனையில் பார்த்தேன். கிட்னி பிரச்சினை, ரொம்ப இளைத்திருந்தார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே தலைமாட்டு மானிட்டர் அலறியது. இதயத் துடிப்புக் கோடு நேராகிவிட்டது. நான் கதவுப் பக்கம் ஓடினேன். நர்ஸ் ஓடி வந்தார்.

ஸ்டெல்லா கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "எனக்கு ஒண்ணுமில்லீங்க சிஸ்டர். பின்னாடி அந்த ஒயரை நல்லா அமுக்குங்க."

அமுக்கினார். கோடு திரும்ப வந்தது. மூன்று பேரும் சிரித்தோம்.

நாளை மாலை நான்கு மணிக்கு அவர் குடும்பம் போகும் சர்ச்சில் பூசை, பிறகு அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

ஸ்டெல்லா... நேரில் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. நன்றிங்க. நல்லா தூங்குங்க.